கடைத்தெரு கார் பார்க்கில் ஒரு மணி நேர இலவசம் போகிறது: பட்ஜெட்டில் கவனித்தீர்களா?

மருமகள் | ஞாயிறு, இரவு 10.12

பச்சைக் குப்பைத் தொட்டியை இந்த வாரம் எடுப்பார்களா, அடுத்த வாரமா என்று பார்க்கத்தான் கவுன்சில் இணையதளத்துக்குப் போனேன். போன இடத்தில் அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் ஆவணம் கண்ணில் பட்டது. பல நூறு பக்கம். பாதியில் மூடியிருப்பேன், பின்னிணைப்பில் நம் கடைத்தெரு கார் பார்க்கின் பெயர் தெரிந்ததால் நின்றேன். ஒரே ஒரு வரி. 'முதல் ஒரு மணி நேர இலவச அனுமதி நீக்கம்.' பக்கத்துக் கட்டத்தில் எதிர்பார்க்கும் வருமானம். காரணம் என்ற கட்டத்தில் 'பிற பரோக்களுடன் (லண்டனின் மற்ற உள்ளாட்சிப் பகுதிகளுடன்) ஒத்திசைவு'. அவ்வளவுதான்.

இந்த கார் பார்க்கோடு எனக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. போன மாதம் மாமியாரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். காசு போடும் துளையின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, செயலி வழியாக மட்டுமே கட்டலாம் என்று எழுதியிருந்தார்கள். மழை. பலகையில் இருந்த ஐந்து இலக்க எண்ணைப் பார்த்து அடித்தேன். ஒரு இலக்கம் மாறிவிட்டது போலிருக்கிறது. பணம் போனது, ஆனால் நான் வாழ்நாளில் பார்த்திராத வேறொரு கார் பார்க்குக்குப் போனது. திரும்பி வந்தபோது கண்ணாடியில் பிளாஸ்டிக் உறைக்குள் அபராதச் சீட்டு. மாமியார் அதைக் கையில் வாங்கி, "அழகாகத்தான் மடித்து வைத்திருக்கிறான்" என்றார்.

எந்தப் பரோ என்று சொல்லவில்லை. லண்டனின் வெளிவட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும், எல்லா இடத்திலும் இதே கதைதான். என் கேள்வி ஒன்றே ஒன்று. இந்தப் பணம் எங்கே போகிறது?

கடைக்காரர் | ஞாயிறு, இரவு 10.40

எங்கே போகிறதோ தெரியாது தங்கச்சி, எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். என் கல்லாவிலிருந்துதான்.

என்னிடம் வருகிறவர்கள் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. ஒரு கட்டு முருங்கைக்காய், அரைக் கிலோ கத்தரிக்காய், ஒரு பை சிவப்பரிசி மா. வெள்ளிக்கிழமை என்றால் வாழையிலையும் பூவும். இதற்காக யாராவது காரை நிறுத்தி, செயலியைத் திறந்து, அட்டை எண்ணை அடித்துக்கொண்டு இருப்பார்களா? நேராக சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவார்கள். அங்கே இரண்டு மணி நேரம் இலவசம். இப்போது அங்கேயும் முருங்கைக்காய் விற்கிறார்கள், வாடினதுதான் என்றாலும்.

எங்கள் தெருவில் ஏற்கெனவே நான்கு கடை பூட்டிக் கிடக்கிறது. பாதீட்டில் துண்டு விழுந்தால் கவுன்சிலுக்கு முதலில் தெரிகிற கறவை மாடு கார் வைத்திருப்பவன்தான்.

பஸ் பயணி | திங்கள், காலை 7.55

140ஆம் எண் பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதுகிறேன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கார் இல்லை. கடைத்தெரு நடுவில் அத்தனை பெரிய நிலம், அதற்கு விளக்கு, தார், கூட்டிப் பெருக்க ஆள், கேமரா. இதற்கெல்லாம் கவுன்சில் வரி கட்டுபவன் நானும்தான். நான் பஸ்ஸுக்கு ஒவ்வொரு முறையும் அட்டையைத் தட்டுகிறேன். என்னை யாரும் முதல் ஒரு மணி நேரம் இலவசமாக ஏற்றிக்கொள்வதில்லை. 'இலவச' நிறுத்தம் என்று ஒன்று கிடையாது. நிறுத்தாதவனும் சேர்ந்து கட்டுவதற்குத்தான் அந்தப் பெயர்.

கணக்கர் | திங்கள், இரவு 9.05

உள்ளாட்சி நிதித் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன். இந்தப் பரோவில் இல்லை. மருமகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

தெருவோரத்தில் நிறுத்துவதும் கார் பார்க்கில் நிறுத்துவதும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. பொதுக்கூட்டத்தில் கத்துகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. மேடையில் இருக்கும் கவுன்சிலர்களில் சிலருக்கும் தெரியாது.

தெருவோர வசூல் 1984ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 55ஆம் பிரிவுக்குள் வருகிறது. அதற்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். மிஞ்சினால் வாகன நிறுத்த வசதி, பொதுப் போக்குவரத்து, சாலைப் பணி, சுற்றுச்சூழல் மேம்பாடு போன்றவற்றுக்கே செலவிடலாம். லண்டனில் இதில் பெரும்பங்கு எங்கே போகிறது தெரியுமா? அரசு ஓய்வூதிய வயதை எட்டியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் வைத்திருக்கும் ஃப்ரீடம் பாஸ் என்ற இலவசப் பயண அட்டைக்கு. அந்தச் செலவைப் பரோக்கள்தான் ஏற்கின்றன; பல பரோக்கள் தெருவோர மீதத்திலிருந்து கட்டுகின்றன. மருமகளின் மாமியார் இலவசமாக பஸ்ஸில் போகிறார் என்றால், எங்கோ ஒரு தெருவில் யாரோ நிறுத்தக் கட்டணம் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலியைத் தாண்டப் பார்த்து மாட்டிக்கொண்டது பார்னெட் என்ற லண்டன் பரோவின் கவுன்சில். 2011இல், தெருவில் கார் நிறுத்தக் குடியிருப்போர் வாங்கும் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 ஆக்கினார்கள். விருந்தினர் சீட்டு 1 பவுண்டிலிருந்து 4 ஆனது. குடியிருப்பவர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உயர்வு சட்டவிரோதம் என்று தீர்த்தது. இந்தச் சட்டம் வாகன நெரிசலை ஒழுங்குபடுத்த வந்தது, கஜானாவை நிரப்பக் கொடுத்த வரிச் சட்டம் அல்ல என்பதுதான் சாரம். அதற்குப் பிறகு எந்தக் கவுன்சில் அறிக்கையை எடுத்தாலும் முதல் பத்தியில் 'நெரிசல் மேலாண்மை' என்று இருக்கும். 'வருமானம்' என்ற சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

ஆனால் கடைத்தெரு கார் பார்க் தெருவோரம் அல்ல. தெருவை விட்டு விலகி, கவுன்சிலின் சொந்த நிலத்தில் இருப்பது. அங்கே வசூலாகும் கட்டணத்துக்கு 55ஆம் பிரிவின் வேலி கிடையாது. மீதம் பொது நிதிக்குப் போகலாம். முதியோர் பராமரிப்புக்கும் போகலாம், நூலகத்துக்கும் போகலாம். பின்னிணைப்பில் துணிந்து வருமானக் கட்டம் போட்டிருக்கிறார்களே, அதன் ரகசியம் இதுதான்.

இன்னொன்று. தெருவோரக் கட்டணத்துக்கு வாட் வரி இல்லை, கார் பார்க் கட்டணத்துக்கு உண்டு. ஐல் ஆஃப் வைட் கவுன்சில் இதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. நீங்கள் 3 பவுண்டு கட்டினால் 50 பென்ஸ் நேரே மத்திய அரசாங்கத்துக்கு. மிச்சத்தில் செயலிக்காரருக்கு ஒரு பங்கு, ஒப்பந்தக்காரருக்கு ஒரு பங்கு. வேடிக்கை என்னவென்றால், சொந்த கார் பார்க்குக்குக் கவுன்சிலே வணிகச் சொத்து வரியும் கட்டுகிறது.

கடைக்காரர் | திங்கள், இரவு 9.31

நல்ல விளக்கம், நன்றி அண்ணா. ஆனால் சட்டம் படித்து என் கடைக்கு யாரும் வரப்போவதில்லை.

வேல்ஸில் கார்டிகன் என்று ஓர் ஊர். 2015இல் யாரோ போக்கிரிகள் அங்கே கார் பார்க் இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். பழுது பார்க்கும்வரை எல்லாரும் இலவசமாக நிறுத்தினார்கள். வியாபாரம் எகிறிவிட்டது என்று கடைக்காரர்கள் சொன்னதைச் செய்தியில் போட்டார்கள். நான் யாரையும் எதையும் உடைக்கச் சொல்லவில்லை. சம்பவத்தை மட்டும் சொல்கிறேன்.

பஸ் பயணி | திங்கள், இரவு 9.50

அண்ணா, கார்டிகன் கடலோரச் சின்ன ஊர், அங்கே இடத்துக்குப் போட்டி எவ்வளவு இருந்துவிடும்? இங்கே சனிக்கிழமை பதினொரு மணிக்கு உள்ளே போய்ப் பாருங்கள். இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுகிறார்கள். வாடிக்கையாளருக்குத் தேவைப்படுவது இலவசமான இடமா, காலியான இடமா?

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் வெள்ளை வேன் எங்கே நிற்கிறது?

கடைக்காரர் | திங்கள், இரவு 10.02

பின்வாசல் சந்தில் குப்பை வண்டி வரும் நாட்களில் மட்டும் கார் பார்க்கில்.

பஸ் பயணி | திங்கள், இரவு 10.04

குப்பை வண்டி உங்கள் சந்துக்குத் தினமும் வருகிறது போலிருக்கிறது.

கடைக்காரர் | திங்கள், இரவு 10.15

சரி, ஒப்புக்கொள்கிறேன். வேன் காலை ஏழு மணிக்கே போய்விடும். ஒரு மணி நேரம் முடியும் முன் என் தம்பி இடத்தை மாற்றி நிறுத்துவான். சலூன்காரரும் அதையே செய்கிறார், நகைக்கடைக்காரரும் அதையே செய்கிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து குறைந்தது பத்து இடம் பிடித்து வைத்திருக்கிறோம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை | செவ்வாய், காலை 6.20

கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன், எப்படிக் கட்டுவது என்று யாராவது சொல்லுங்கள் பிள்ளைகளே. எனக்கு எழுபத்து மூன்று வயது. இதை மகன் வாங்கித் தந்த டேப்லெட்டில் எழுதுகிறேன், அதைத் தூக்கிக்கொண்டு கார் பார்க்குக்குப் போக முடியாது. கையில் இருப்பது பொத்தான் போன். அதில் அழைத்தால் ஒரு குரல் கார் எண்ணைச் சொல்லச் சொல்கிறது. நான் சொல்லும் 'வி' அதற்கு 'பி' என்று விழுகிறது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்தக் கதி.

இப்போது ஒரு மணி நேரம் இலவசம் இருப்பதால் ஓடிப்போய் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அதுவும் போய்விட்டால் நான் கடைத்தெருவுக்கு வருவதையே நிறுத்திவிடுவேன். பஸ் இருக்கிறதே என்பீர்கள். நிறுத்தம் வரை நடக்க முழங்கால் ஒத்துழைக்காது. நீல பேட்ஜ் (ஊனமுற்றோருக்கான நிறுத்த அனுமதி) தரும் அளவுக்கு அது மோசமாகவும் இல்லையாம்.

மருமகள் | செவ்வாய், காலை 8.30

அம்மா, நீங்கள் எழுதியதைத்தான் நான் கவுன்சிலுக்கு எழுத நினைத்தேன். உங்களைவிட நன்றாக எழுத முடியாது.

வாடகை வீட்டுக்காரன் | செவ்வாய், பகல் 1.10

இதற்கெல்லாம் எதற்கு இத்தனை ஆராய்ச்சி? கவுன்சிலர்களின் படியை வெட்டு, தலைமை அதிகாரியின் சம்பளத்தை வெட்டு, எல்லாம் சரியாகும். வரியும் ஏறுகிறது, நூலகமும் மூடுகிறது, கட்டணமும் ஏறுகிறது. கொள்ளை.

கணக்கர் | செவ்வாய், இரவு 8.48

வாடகை வீட்டுக்காரரே, கோபம் நியாயம்தான், கணக்கு இடிக்கிறது. கவுன்சிலர்கள் அத்தனை பேரின் படியையும் சுழியாக்கினாலும், பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் சில முதியோரின் ஒரு வருடச் செலவைத் தாண்டி வெகுதூரம் போகாது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு லண்டன் பரோவின் நிகரச் செலவில் பாதிக்கும் மேலே முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் போகிறது. இவை சட்டப்படி செய்தே தீர வேண்டியவை. இப்போது அதோடு வீடற்றவர்களுக்கான தற்காலிகத் தங்குமிடம் சேர்ந்துகொண்டது. லண்டன் பரோக்கள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 40 லட்சம் பவுண்டு இதற்குச் செலவிடுவதாக அவற்றின் கூட்டமைப்பு 2024இல் சொன்னது. நாளொன்றுக்கு! மாதத்துக்கு அல்ல.

வரவுப் பக்கத்தில் மத்திய அரசின் மானியம் 2010க்குப் பிறகு பல ஆண்டுகள் சுருங்கியது. கவுன்சில் வரியை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. சில ஆண்டுகளாகப் பெரும்பாலான லண்டன் பரோக்களுக்கு 5 சதவீதம் என்பது எல்லை, அரசின் தனி அனுமதி இல்லாமல் அதைத் தொட்டால் மக்கள் வாக்கெடுப்பு. அந்த வரியும் இங்கிலாந்தில் இன்றுவரை வீட்டின் 1991 ஏப்ரல் மதிப்பை வைத்துத்தான். மார்ச் 11க்குள் வரியை நிர்ணயித்தாக வேண்டும். வரவும் செலவும் பொருந்த வேண்டும், கடன் வாங்கி அன்றாடச் செலவைச் சமாளிக்க முடியாது. ஆக, சட்டம் கையை அவ்வளவு இறுக்கிக் கட்டாத இடங்கள் என்று எஞ்சுவது எவை? நூலகம், பூங்கா, தோட்டக் குப்பைச் சந்தா, கார் பார்க். டிசம்பர் வந்தால் நிதி அதிகாரியின் கண் இந்த நான்கின் மேல்தான் நிற்கும். என் கண்ணும் அங்கேதான் நின்றது. பொய் சொல்ல மாட்டேன்.

பொருந்தவில்லை என்றால் நிதி அதிகாரி 1988 உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் அறிவிப்பு விட வேண்டும். புதுச் செலவு நின்றுவிடும், 21 நாளுக்குள் முழுக் கவுன்சில் கூட வேண்டும். அப்படி அறிவிப்பு விட்ட கவுன்சில்கள்: நார்தாம்ப்டன்ஷயர் 2018, குரோய்டன் 2020, தரக் 2022, வோக்கிங், பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் மூன்றும் 2023. அரசின் தனி அனுமதியோடு குரோய்டனில் 2023இல் வரி கிட்டத்தட்ட 15 சதவீதம் ஏறியது. பர்மிங்ஹாமில் 2024இல் கிட்டத்தட்ட 10 சதவீதம்.

இந்தப் பட்டியலைச் சொல்லித்தான் இப்போது ஊர் ஊராகப் பயமுறுத்துகிறார்கள். 'கட்டணம் ஏற்றாவிட்டால் நமக்கும் அந்தக் கதிதான்' என்கிறார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வோக்கிங் கடன் வாங்கி வானளாவிய கட்டடமும் ஹோட்டலும் கட்டி மூழ்கியது. தரக் சூரிய மின் முதலீட்டில் மூழ்கியது. பர்மிங்ஹாமை அமுக்கியது சம ஊதிய நிலுவையும் சொதப்பிய கணினி மாற்றமும். கார் பார்க் வருமானம் போதாமல் விழுந்த ஊர் இந்தப் பட்டியலில் இல்லை. நாட்டிங்ஹாம் 2012இலிருந்து அலுவலக கார் பார்க்குகளுக்கே முதலாளிகளிடம் ஆண்டுத் தீர்வை வாங்கி டிராமுக்குச் செலவிடுகிறது. அதுவும் 2023இல் விழுந்ததுதான்.

கார் பார்க் கட்டணம் தவறு என்று நான் சொல்லவில்லை. கடைத்தெருவில் பஸ் பயணி சொன்னது சரி. பத்து வேன் நிற்கும் இடத்தில் நூறு வாடிக்கையாளர் வந்து போகலாம். ஆனால் அதைப் பட்ஜெட் ஓட்டையை அடைக்கும் மருந்து என்று விற்காதீர்கள். ஓட்டைக்கு முன்னால் அது ஒரு கைப்பிடி மணல்.

கடைக்காரர் | செவ்வாய், இரவு 9.20

அண்ணா, அப்படியென்றால் நான் என்ன கேட்க வேண்டும்? 'ஏற்றாதே' என்று மட்டும் எழுதினால் குப்பையில் போடுவார்கள். போன முறை அப்படித்தான் எழுதினோம், முந்நூறு கையெழுத்து. 'கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன' என்று ஒரு வரி வந்தது.

கணக்கர் | செவ்வாய், இரவு 10.30

முதலில் காலக்கெடு. பட்ஜெட் கருத்துக்கேட்பு நடக்கும்போதே எழுதிவிடுங்கள். பட்ஜெட் நிறைவேறிய பிறகு கார் பார்க் கட்டணத்தை மாற்ற, புதிதாகக் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை; 21 நாள் முன்னறிவிப்பைப் பத்திரிகையில் போட்டு கார் பார்க்கில் ஒட்டினால் போதும். விளக்குக் கம்பத்தில் ஞெகிழி உறைக்குள் ஒரு தாள் தொங்குகிறதே, அதைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள் எப்போதும் தாமதமாகத்தான் ஓடுகிறார்கள்.

எழுதும்போது எதிர்ப்பைக் குறைத்து எண்ணிக்கையைக் கேளுங்கள். அந்த வருமானக் கட்டத்தில் இருப்பது வாட் போனதா, போகாததா? வசூல் செலவு கழித்ததா? கட்டணம் வந்தால் எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று கழித்துப் பார்த்தார்களா, அல்லது இன்று நிற்கும் ஒவ்வொரு காரையும் கட்டணத்தால் பெருக்கிவிட்டார்களா? நான் பார்த்த கணக்குகளில் பாதி இரண்டாவது வகை. ஒரு நாளில் எந்த மணிக்கு எத்தனை இடம் நிரம்புகிறது என்ற பதிவு இருக்கிறதா? தரவில்லை என்றால் தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள், இருபது வேலை நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

ஆசிரியை அம்மா சொன்னதுதான் இருப்பதிலேயே வலுவானது. 2010 சமத்துவச் சட்டப்படி, முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் இந்த மாற்றம் என்ன செய்யும் என்று கவுன்சில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆவணத்தைக் கேளுங்கள். பணம் வாங்கும் இயந்திரம் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் எண்ணிப் பார்க்கவே இல்லை என்றால் அது பலவீனம், வழக்கறிஞர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

மருமகளுக்கு: முதல் 14 நாளுக்குள் மறுப்பு எழுதுங்கள், செயலியின் ரசீதை இணையுங்கள். அதற்குள் எழுதினால், நிராகரித்தாலும் பாதித் தொகைச் சலுகையைப் பெரும்பாலும் மறுபடி தருவார்கள்.

மருமகள் | புதன், இரவு 9.15

எழுதிவிட்டேன். ரசீதோடு. பதினான்காம் நாள், இரவு 8.50க்கு.

இந்த இழையிலிருந்து நான்கு கேள்விகளை எடுத்து கவுன்சிலின் நிர்வாகக் குழு (கேபினட்) கூட்டத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். பொதுமக்கள் கேள்வி நேரத்தில் ஒருவருக்கு ஒரு கேள்விதானாம். அதனால் கடைக்காரர் ஒன்று, பஸ் பயணி ஒன்று, ஆசிரியை அம்மா ஒன்று கேட்டால் நல்லது. அம்மா, உங்களை நான் காரில் கூட்டிப் போகிறேன்.

கடைக்காரர் | புதன், இரவு 9.40

வருகிறேன். ஒரு யோசனையும் வைத்திருக்கிறேன்: இலவசத்தை அரை மணியாகக் குறைக்கட்டும், ஒரு காருக்கு நாளில் ஒரு தடவை என்று வைக்கட்டும். எங்கள் பத்து வேனும் தானாக வெளியே போய்விடும். சலூன்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. நகைக்கடைக்காரர் யோசிக்கிறேன் என்றார்.

பஸ் பயணி | புதன், இரவு 9.44

நான் கார் இல்லாதவன், எனக்கே இது சரியாகப் படுகிறது. கூட்டத்துக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை | வியாழன், காலை 6.05

மகளே, கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்றாய். கவுன்சில் கட்டடத்தின் கார் பார்க்கில் ஆறரை வரை கட்டணம் உண்டு. செயலியில்தான் கட்ட வேண்டும். இடத்தின் எண்ணை இன்றே எழுதி வைத்துக்கொள்.